காரணம் கேட்கப்படாதவர்கள்

1941ஆம் ஆண்டு ரொறன்ரோவில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் இந்நாட்டு நூல்களில் அடிக்கடி காணக்கிடைக்கிறது. வெரோனிக்கா பொஸ்ரர் என்ற இளம்பெண், தான் வேலை செய்து முடித்த பிரென் துப்பாக்கியோடு இருந்து சிகரெட் புகையை ஊதிக்கொண்டிருக்கிறாள். ஸ்ட்ரக்கன் அவெனியூவில் இருந்த ஜோன் இங்கிலிஸ் ஆயுதத் தொழிற்சாலையின் தொழிலாளி அவள். யுத்த காலத்தில் பெண்களைத் தொழிற்சாலை வேலைக்கு அழைப்பதற்காக அரசாங்கம் எடுத்துப் பரப்பிய படம் அது. 'பிரென் துப்பாக்கிப் பெண் ரொனி' என்று அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள். அந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. அந்தச் சிகரெட்டைப் பற்றிப் பேசியவர்களும் உண்டு. அவள் தலையில் இறுக்கிக் கட்டியிருக்கும் துணியைப் பற்றி எவரும் எதுவும் சொல்லி நாம் கேட்டதில்லை.

இதே காலத்தில், இன்று எம்மவர்கள் செறிந்து வாழும் ஸ்காபரோவில், எக்ளிங்டன் வீதியும் வோர்டன் வீதியும் சந்திக்கும் இடத்துக்கு அண்மையில் இன்னொரு தொழிற்சாலை இருந்தது. ஜீகோ என்பது அதன் சுருக்கப் பெயர். 1941 தொடங்கி யுத்தம் முடியும்வரை சுமார் 21,000 பேர் அங்கே வேலை செய்தார்கள், பெரும்பாலானோர் பெண்கள். குண்டுகளின் வெடிமுனைகளில் மருந்து நிரப்புவது அவர்களின் வேலை. ஒரு பொறி பறந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆகவே கொண்டை ஊசிக்குக்கூட உள்ளே அனுமதி இல்லை. வெள்ளைச் சீருடையும் தலைமுடியை முழுவதும் மறைக்கும் துணியுமாகவே அவர்கள் வேலைத்தலத்தில் நின்றார்கள். இன்று நாம் மரக்கறி வாங்க பஸ் மாறி நிற்கிற சந்திகளில் ஒரு காலத்தில் தலைத்துணி அணிந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போய் வந்திருக்கிறார்கள் என்பதை அறிந்தபோது எமக்கு ஒருவித வியப்பு ஏற்பட்டது. இந்த வியப்பிலிருந்துதான் கீழ்வரும் யோசனைகள் தொடங்கின.

நாங்கள் றெஸ்ரோறன்ற் குசினியில் வேலை செய்பவர்கள். தலைமுடி உணவில் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்ராறியோ மாகாணத்தின் விதி. ஆகவே ஆணென்றும் பெண்ணென்றுமில்லாமல் நாளுக்குப் பத்து மணித்தியாலம் வலையோ தொப்பியோ துணியோ தலையில் இருக்கிறது. அப்படித் தலையை மூடிக்கொண்டு கொத்துரொட்டி அடிக்கிற ஒருவர், சின்ன ஜன்னலால் வெளியே பார்த்து, "உவையள் ஏன் உப்பிடி மூடிக்கொண்டு திரியினம்?" என்று கேட்கிறார். வெளியே தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு முஸ்லிம் பெண் போய்க்கொண்டிருக்கிறாள். கேட்டவர் கெட்டவர் அல்ல. பெருநாளைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வரும் வட்டிலப்பத்தை ஆசையாகச் சாப்பிடுபவர். அப்படிப்பட்டவர் வாயிலும் அந்தக் கேள்வி இயல்பாக வருகிறது. ஒரே செயலைச் செய்யும் இருவரில் ஒருவரிடம் காரணம் கேட்கவும் மற்றவரிடம் கேட்காமல் விடவும் எமக்கு உரிமை தந்தது எது? இதுவே எமது பிரச்சினை.

இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னிருந்த சாதாரணப் பெண்களின் கதையைப் பார்ப்போம். லங்காஷயர் பஞ்சாலைகளுக்குப் போன பெண்கள் தலையிலிருந்து தோள்வரை மூடும் கம்பளிச் சால்வையும் மரத்தடிச் செருப்புமாகவே விடியற்காலைத் தெருக்களில் நடந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் இளம்பெண்கள் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்பட்டபோது, தலைமுடி இயந்திரத்தில் சிக்காமலிருக்கத் துணியைக் கட்டிக்கொள்ளும்படி அரசாங்கமே சுவரொட்டி அடித்துச் சொன்னது. யுத்தம் முடிந்த பிறகும் அந்தத் துணி தலையை விட்டு இறங்கவில்லை. சதுரத் துணியை மூலைக்கு மூலை மடித்து, நாடிக்குக் கீழே முடிச்சிட்டு, கடைக்கும் சந்தைக்கும் பஸ் தரிப்புக்கும் போனார்கள். நிலக்கரி அடுப்புகளின் புகை படிந்த நகரங்கள். கிழமையில் ஒருநாள்தான் முழுக்கு. வெள்ளிக்கிழமை பின்னேரம் தலைக்குச் சுருள்குழல்களைச் சுற்றிவிட்டால் சனிக்கிழமை இரவுவரை அவற்றை மறைக்க ஒரு துணி வேண்டும். 1960இல் தொடங்கிய 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' என்ற தொலைக்காட்சித் தொடரில் ஹில்டா ஒக்டன் என்றொரு பாத்திரம் உண்டு. ஜீன் அலெக்ஸாண்டர் என்ற நடிகை 1964 முதல் 1987 வரை அந்த வேடத்தில் நடித்தார். சுருள்குழல்களும் அவற்றின் மேல் ஒரு துணியுமாகவே அவள் வருவாள். கனடாவிலும் சீபீசீ அத்தொடரை நெடுங்காலம் காட்டியது. அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அவள் இந்த நாட்டின் விழுமியங்களை ஏற்றுக்கொண்டவளா என்று யாரும் விசாரிக்கவில்லை.

உழைக்கும் பெண்கள்தாம் அணிந்தார்கள் என்றுமில்லை. இரண்டாம் எலிசபெத் மகாராணி குதிரையேறும்போதும் ஸ்கொட்லாந்து மாளிகையில் ஓய்வாக இருக்கும்போதும் பட்டு ஸ்கார்ப்பை நாடிக்குக் கீழே முடிந்துகொண்டே காணப்பட்டார். 2022இல் அவர் இறந்தபோது பத்திரிகைகள் வெளியிட்ட படங்களில் முடி சூடியவற்றுக்குச் சமமாகத் தலைத்துணி கட்டியவையும் இருந்தன. ஸ்காபரோவில், மேலே சொன்ன தொழிற்சாலைக்குக் கிட்ட எழுந்த கோல்டன் மைல் பிளாசாவைப் பார்ப்பதற்கு 1959இல் அவர் வந்துபோனது அந்தப் பகுதியின் சரித்திரத்தில் பெரிய சம்பவம். அந்த மகாராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்துதான் எம்மில் பலர் கனடாக் குடிமக்களானோம். இதைப் பிறகு தொடுவோம்.

அயர்லாந்தின் கதையில் வறுமையும் மதமும் கூடுதலாகக் கலந்திருக்கின்றன. மேற்கு அயர்லாந்துப் பெண்களுக்குச் சால்வையே குடை, சால்வையே போர்வை, சால்வையே குழந்தையைச் சுற்றிக்கொள்ளும் துணி. டப்ளினிலும் கோர்க்கிலும் தெருவில் மீனும் மரக்கறியும் விற்ற பெண்களைச் 'சோலி' என்று அழைத்தார்கள். சால்வைக்காரி என்பது பொருள். அதில் கொஞ்சம் இளக்காரமும் இருந்தது. தொப்பி வாங்க வசதியுள்ள சீமாட்டியின் தலையில் தொப்பி. வசதியில்லாதவள் தலையில் சால்வை. கோயிலுக்குள் போனால் இருவருக்கும் ஒரே சட்டம். பூசை நேரத்தில் பெண்கள் தலையை மூடியிருக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு எழுத்திலேயே விதித்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அந்த விதி இல்லை. இடைப்பட்ட காலத்தில் ஸ்கார்ப் கொண்டுவர மறந்த பெண்பிள்ளைகள் கைலேஞ்சியைத் தலையில் ஊசியால் குத்திக்கொண்டு உள்ளே போனதைப் பல முதியவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயில்களில் அம்மாமார் முந்தானையையோ வெள்ளை வலைத்துணியையோ தலையில் இட்டுக்கொண்டு முழந்தாளிடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் புதினம் ஒன்றுமில்லை.

எங்கள் கடைக்கு மத்தியானம் கழிந்து, கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு முதிய பெண்மணி வருவார். இரண்டு மட்டன் ரோல்ஸ், ஒரு தேத்தண்ணீர். அயர்லாந்தில் பிறந்து 1950களில் கப்பலேறி இங்கு வந்தவர். வந்த காலத்தில் ஐரிஷ்காரியாகவும் கத்தோலிக்கராகவும் வேலை தேடியது லேசான காரியமாக இருக்கவில்லை என்பார். ரொறன்ரோ ஒரு காலத்தில் 'கனடாவின் பெல்பாஸ்ட்' என்று பெயரெடுத்த புரட்டஸ்தாந்து நகரம் என்பதும், பஞ்சத்துக்குத் தப்பி 1847 ஒரே வருடத்தில் 38,000க்கு மேற்பட்ட ஐரிஷ்காரர் சுமார் 20,000 பேர் மட்டுமே வாழ்ந்த இந்தச் சிறு நகரத்தில் வந்திறங்கினார்கள் என்பதும், அவர்களில் 1,100க்கு மேற்பட்டோர் காய்ச்சலில் இறந்தார்கள் என்பதும் நாம் பிற்பாடு வாசித்து அறிந்தவை. ஒருநாள் அவரிடம் தலைத்துணியைப் பற்றிக் கேட்டோம். அவர் சிரித்தார், உடனே பதில் வரவில்லை. பிறகு, மழை என்றார். கொஞ்சம் பொறுத்து, பூசைக்குப் போவதற்கு என்றார். தேத்தண்ணீர் முடிகிற நேரத்தில், "அம்மா கட்டினா, அதுதான் நானும் கட்டினேன்" என்ற பொருள்படச் சொன்னார். எழுபது வருடங்களுக்கு மேலாக இந்தக் கேள்வியை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

எமது யோசனைக்கு அந்தப் பதில்களைவிட அவை வந்த முறைதான் உதவியது. பழக்கத்தால் செய்யும் காரியங்களுக்குப் பின்னால் காரணம் ஏற்கெனவே தயாராக இருப்பதில்லை. கேட்கப்பட்ட பிறகு மனம் தேடிப்போய் எதையாவது எடுத்துவருகிறது. வலக்கையால் ஏன் சாப்பிடுகிறாய், படலையடியில் செருப்பை ஏன் கழற்றுகிறாய் என்று கேட்டால் எம்மிடமும் இதே தடுமாற்றம்தான். மெய்யியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்த எமக்கு இதற்குரிய கலைச்சொல் தெரியாது. ஆனால் அடிக்கடி காரணம் கேட்கப்படும் ஒருவருக்கு என்ன நடக்கிறது என்பது அனுபவத்தில் தெரியும். அவர் ஒரு பதிலைத் தயாரித்து வைத்துக்கொள்ளத் தொடங்குகிறார். பதில் தயாரானதும் செயலும் மாறிவிடுகிறது. மழைக்கும் பூசைக்கும் அம்மாவுக்குமாகக் கலந்து கிடந்த ஒரு துணி, ஒரே ஒரு விடயத்தின் கொடியாகிவிடுகிறது. அதன் பின்னர் அவர் அதை அணிந்தாலும் அறிக்கை, கழற்றினாலும் அறிக்கை. அந்த ஐரிஷ் மூதாட்டியின் தலைமுறைக்கு வாய்த்ததும், எங்கள் ஜன்னலுக்கு வெளியே போன பெண்ணுக்கு வாய்க்காததும் இந்தக் கேள்வியின்மைதான்.

இங்கே ஒரு மறுப்பு வரும். அவர்களுடையது வெறும் துணி, இவர்களுடையது மதமும் கட்டுப்பாடும் என்பார்கள். மேலே சொன்னவற்றை வைத்தே பார்த்தால் இந்த மறுப்பு நிற்காது. ஐரிஷ் பெண்ணின் துணியில் மதமும் இருந்தது, அடக்கம் என்ற போதனையும் இருந்தது, வர்க்கமும் இருந்தது. ஊர்வாய்க்குப் பயந்து கட்டியவர்கள் இருந்திருப்பார்கள். புருஷனுக்குப் பயந்தவர்களும் இருந்திருப்பார்கள். 'அந்தக் காலம் எவ்வளவு நல்ல காலம்' என்று நாம் பாடவரவில்லை. கட்டாயப்படுத்தப்பட்ட ஒரு பெண் எந்த ஊரில் இருந்தாலும் அவள் பக்கம் நிற்பதே நியாயம். ஆனால் கட்டாயம் இருக்கிறதா என்று அறிவதற்குத் தெருவில் போகிற பெண்ணின் தலை போதுமான சாட்சி அல்ல. அவள் அதைக் கழற்ற விரும்பும் நாளில் வீட்டில் என்ன நடக்கும், அணிய விரும்பும் நாளில் வேலைத்தலத்தில் என்ன நடக்கும் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். எம்மவர் முதலாவதைப் பற்றி மட்டும் கவலைப்படுவது எமக்குச் சந்தேகத்தைத் தருகிறது.

அந்தத் துணி எப்படிப் போனது? இதைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. 1960களிலும் 70களிலும் பிரித்தானியத் தெருக்களிலிருந்து அது மெல்ல மெல்ல மறைந்தது. கார் வந்தது, மழையில் நடப்பது குறைந்தது. வீட்டுக்குள் குளியலறையும் வெந்நீரும் வந்தன. நினைத்த நாளில் தலைமுழுக முடிந்தது. முடி உலர்த்தும் கருவி வந்தது. கோயிலும் தளர்ந்துகொடுத்தது. மகள்மாருக்கு அது கிழவிகளின் உடுப்பாகத் தோன்றியது. எந்தப் பாராளுமன்றமும் சட்டம் இயற்றவில்லை, எந்தப் பொலிஸ்காரனும் நாடிமுடிச்சை அவிழ்க்கவில்லை. விரும்பியவள் கடைசிவரை கட்டினாள். விரும்பாதவள் ஒருநாள் மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டு மறந்துபோனாள். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்புகூட, ரொறன்ரோவின் கல்லூரி வீதியிலும் டண்டாஸ் வீதியிலும் இத்தாலிய, போர்த்துக்கேயக் கிழவிகள் கறுப்புத் துணியைத் தலையில் முடிந்துகொண்டு மீன் பார்த்து வாங்கியதை நாம் கண்டிருக்கிறோம்.

இனி அரசாங்கம் கைவைத்த இடங்களைப் பாருங்கள். ஈரானில் 1936 ஜனவரியில் ரேசா ஷா முக்காட்டைத் தடைசெய்தார். பொலிஸ்காரர் தெருவில் பெண்களின் தலையிலிருந்து துணியைப் பிடுங்கினார்கள். பல பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். அதே நாட்டில் 1983இல் அணியாவிட்டால் தண்டனை என்று சட்டம் வந்தது. 2022 செப்டெம்பரில் மாசா அமினி என்ற 22 வயதுப் பெண் தலைத்துணியைச் சரியாக அணியவில்லை என்று பிடிக்கப்பட்டு, காவலில் இருந்தபோது நினைவிழந்து ஆஸ்பத்திரியில் இறந்தார். அதன் பின்னர் பெண்கள் தெருவில் துணியை எரித்தார்கள். இரண்டு சட்டங்களும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும். பெண்ணின் தலை அரசாங்கத்துக்குச் சொந்தம் என்பதில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கனடாவில் நிலைமை அவ்வளவு கொடுமையானதல்ல. ஒப்பிடுவதே தவறு என்று சிலர் சொல்லக்கூடும். 2007இல் கியூபெக்கின் லவால் நகரத்தில் நடந்த உதைபந்தாட்டப் போட்டியில், ஒட்டாவாப் பக்கத்திலிருந்து போன 11 வயதுச் சிறுமி தலைத்துணிக்காக மைதானத்தைவிட்டு வெளியேற்றப்பட்டாள். அவளுடைய குழு ஆட்டத்தைத் தொடர மறுத்து அவளோடு சேர்ந்து வெளியேறியது என்பதை மறக்காமல் சொல்லவேண்டும். பீபா அமைப்பு 2014இல்தான் தலைத்துணியை முறைப்படி அனுமதித்தது. 2019 ஜூனில் கியூபெக் மாகாணம் 21ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. அரச பாடசாலை ஆசிரியர், பொலிஸ்காரர், அரச சட்டத்தரணி போன்றோர் வேலைநேரத்தில் மத அடையாளம் எதையும் அணியக்கூடாது என்பது அதன் சாரம். 2021 டிசம்பரில், செல்சி என்ற சிற்றூரில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு ஆசிரியை தலைத்துணிக்காக வகுப்பிலிருந்து அகற்றப்பட்டார். பிள்ளைகள் பச்சை நாடாக்களைப் பாடசாலை வேலியில் கட்டினார்கள். அவர் பிள்ளைகளுக்கு மதம் படிப்பித்தார் என்று யாரும் குற்றம்சாட்டவில்லை.

சத்தியப்பிரமாண விடயத்துக்கு வருவோம். முகத்தை மூடிக்கொண்டு குடியுரிமைச் சத்தியம் செய்யக்கூடாது என்று 2011 டிசம்பரில் அன்றைய அமைச்சர் விதி கொண்டுவந்தார். மிசிசாகாவில் வசித்த சுனேரா இஷாக் என்ற பெண் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். இங்கே கேள்வி முகத்திரை பற்றியது, தலைத்துணி பற்றியதல்ல. முகம் வேறு என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆளை அடையாளம் காணவேண்டிய இடங்கள் உண்டு. ஆனால் அந்தப் பெண் தனியறையில் ஒரு பெண் அதிகாரிக்கு முகத்தைக் காட்டுவதற்குச் சம்மதித்திருந்தார். நீதிமன்றங்கள் 2015இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தன. அந்த ஒக்டோபரில் அவர் சத்தியம் செய்து குடிமகளானார். தேர்தல் நேரமாதலால் அவருடைய உடுப்பு நாடு முழுவதற்கும் விவாதப் பொருளாகியது. அவர் யாருக்கு விசுவாசம் தெரிவித்தாரோ அந்த மகாராணி அதே வாரத்தில் எங்காவது ஸ்கார்ப் கட்டிக்கொண்டு நாய்களோடு உலாவியிருக்கக்கூடும். அது முகத்திரைக்குச் சமமில்லைத்தான். ஆனாலும் எமக்குச் சிரிப்பு வந்தது.

வெள்ளைக்காரனைக் குற்றம் சொல்லிவிட்டு எழுந்துபோக இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. எமது முற்றத்துக்கு வருவோம். இலங்கையில் தலையின் மேலிருப்பதற்குக் காரணம் கேட்கும் வழக்கம் பழையது. 1905 மே மாதத்தில், அப்துல் காதர் என்ற முஸ்லிம் சட்டத்தரணி துருக்கித் தொப்பியோடு உயர்நீதிமன்றத்தில் தோன்றியபோது, பிரதம நீதியரசர் லயாட் அதைக் கழற்றும்படி சொன்னார். அந்த வருடக் கடைசி நாளில் மருதானையில் முஸ்லிம்கள் பெருங்கூட்டம் கூடினார்கள். ஆங்கில நீதிமன்ற மரபில் நீதிபதியின் தலையில் குதிரைமயிரால் செய்த விக் ஏன் இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

எமது பெண்கள் கேட்கப்பட்ட கேள்வி பொட்டைப் பற்றியது. 1983 ஜூலையில் கொழும்பில் நெற்றிப்பொட்டை அழித்துவிட்டுத் தப்பியோடிய பெண்களின் கதைகளோடுதான் எமது தலைமுறை பிறந்து வளர்ந்தது. அதன்பின் எத்தனையோ சோதனைச்சாவடிகளில், பஸ் நிற்பதற்கு முன்னர் விரலால் நெற்றியைத் துடைத்துக்கொண்ட தாய்மாரை நாமே கண்டிருக்கிறோம். பொட்டு எதற்கு என்று அவர்களிடம் கேட்டால் அந்த ஐரிஷ் மூதாட்டியைப் போலத்தான் விழித்திருப்பார்கள். அம்மா வைத்தா, நானும் வைத்தேன். ஒரு நெற்றியின் மேல் அவ்வளவு பாரத்தை ஏற்றிவைத்தது பொட்டு அல்ல. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள். இதை எம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

எங்கள் தாய்மார் வெயிலுக்கும் மழைக்கும் செத்தவீட்டுக்கும் சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்துச் சோனகதெருப் பெண்களும் அதே சேலைத் தலைப்பைத்தான் முக்காடாக இட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இந்த நினைவை வைத்துக்கொண்டு எம்மவர் அடிக்கடி ஒரு குறை சொல்வதுண்டு: "முந்தி எங்கட ஊர்ச் சோனகப் பெண்டுகள் சேலைதானே உடுத்தவை? இப்ப எங்கையிருந்து உந்தக் கறுப்பு அங்கி வந்தது?" கேள்வியில் ஒரு விடயம் விடுபட்டிருக்கிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் அனைவரையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப்புலிகள் உத்தரவிட்டார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் விரட்டப்பட்டார்கள். நகையும் காசும் சந்தியில் பறிக்கப்பட்டன. புத்தளத்து உவர்நிலங்களில் ஓலைக்கொட்டில் போட்டு அவர்கள் வாழ்ந்த இருபது வருடங்களில், அரபு நாடுகளுக்கு வேலைக்குப் போய் வந்த பெண்களாலும், பள்ளிவாசல்களில் வந்த மாற்றங்களாலும், அயலில் உடுத்தவர்களைப் பார்த்தும் உடை மாறியது. உடை மாறுவது உலக வழக்கம். எங்கள் பெண்பிள்ளைகள் பாவாடை தாவணியை எப்போதோ விட்டுவிட்டார்கள். அவர்களின் மாற்றத்தை நாம் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருந்தால், "என்ன பிள்ளை, புது உடுப்பு?" என்ற கதையோடு அது முடிந்திருக்கும். ஒரு சனத்தைத் துரத்திவிட்டு, இருபது வருடம் கழித்து அவர்களைக் கண்டு, ஏன் மாறினாய் என்று கேட்பதில் ஒரு அநியாயம் இருக்கிறது.

2018 ஏப்ரலில் திருகோணமலையில், சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்துவருவதை எதிர்த்துப் பெற்றோர் பாடசாலை முன்றலில் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். சேலையே பாடசாலையின் பண்பாடு என்பது அவர்களின் வாதம். ஆசிரியைகள் வேறு பாடசாலைகளுக்கு மாற்றப்பட்டார்கள். அவர்கள் விரும்பிய உடையில் படிப்பிக்க அனுமதிக்கப்பட வேண்டும் என்று மனித உரிமைகள் ஆணைக்குழு 2019 பெப்ரவரியில் சொன்னது. இந்துப் பாடசாலைக்கென்று ஒரு மரபு இருக்கிறது, யுத்தத்தில் எல்லாம் இழந்த சமூகம் மிஞ்சியதைப் பற்றிப் பயப்படுகிறது என்ற நியாயத்தை நாம் தட்டிக்கழிக்கவில்லை. அந்தப் பயம் உண்மையானது. ஆனால் கியூபெக் அரசாங்கமும் இதையேதான் சொல்கிறது: நாங்கள் ஆங்கில சமுத்திரத்தின் நடுவே ஒரு சிறு இனம், எமது பண்பாட்டைக் காக்கவேண்டும். கியூபெக் சட்டத்தை இனவாதம் என்று கூறும் எம்மவர் சிலர் திருகோணமலையைப் பண்பாட்டுக் காப்பு என்று கூறியதை அந்நாட்களில் கேட்டோம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கும்படிதான் கேட்கிறோம்.

அதற்கு மறுவருடம் ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தன. எட்டு நாள் கழித்து அரசாங்கம் முகத்திரையைத் தடைசெய்தது. தடை முகத்துக்குத்தான். ஆயினும் தலைத்துணி மட்டும் அணிந்துவந்த பெண்களும் ஆஸ்பத்திரி வாசல்களிலும் கந்தோர்களிலும் மறிக்கப்பட்டார்கள். சட்டம் எங்கே முடிகிறது என்பதை வாசலில் நிற்பவன்தான் தீர்மானிக்கிறான் என்பது எமக்குப் புதிதல்ல.

அண்மையில் எங்கள் வேலைத்தலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். முன்னுக்கு நின்று ஓடர் எடுப்பதற்கு ஆள் தேவை என்று கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தது. ஒரு பிள்ளை வந்தாள். புத்தளத்தில் பிறந்தவள், பெற்றோரின் ஊர் யாழ்ப்பாணம். எங்களில் பலரைவிட நல்ல யாழ்ப்பாணத் தமிழ் அவள் வாயில் இருந்தது. இங்கிலிஷும் தண்ணீர் பட்ட பாடு. தலையில் சாம்பல் நிறத் துணி. முதலாளி நல்லபடியாகத்தான் கதைத்தார். பிறகு எங்களிடம் வந்து, "பிள்ளை பின்னுக்கு வேலை செய்யட்டும். உங்க எல்லாரும் தலையை மூடிக்கொண்டுதானே நிக்கிறியள்" என்றார். அவளுக்குப் பரிசாரகர் சம்பளமும் இல்லை, ரிப்ஸும் இல்லை. எங்களோடு வெங்காயம் உரித்தாள். குசினிக்குள் அவள் தலையை யாரும் கவனிக்கவில்லை. அவளுடைய துணிக்கும் எங்களுடைய வலைக்கும் அங்கே வித்தியாசமே தெரியவில்லை. அரைக்கதவைத் தாண்டி எட்டு அடி முன்னே போனால்தான் அது கேள்வியாகியது.

இதைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. முதலாளிக்கும் வியாபாரம் நடக்கவேண்டும், சனம் என்ன நினைக்குமோ என்று பயப்படுகிறார் என்றார் ஒருவர். எந்தச் சனம் என்று இன்னொருவர் கேட்டார். வருகிறவர்களில் பாதிப்பேர் எம்மவர், மீதிப்பேரில் பலர் சோமாலியரும் ஆப்கானியரும், மிச்சம் மட்டன் ரோல்ஸ் சாப்பிடும் அந்த மூதாட்டி. ஒருவரும் முறைப்பட்டதாக எங்களுக்குத் தெரியாது. ஒன்ராறியோவில் 1962 முதல் மனித உரிமைச் சட்டம் இருக்கிறது, மதத்தை வைத்து வேலையில் பாகுபாடு காட்டமுடியாது, முறைப்பாடு கொடுக்கலாம் என்று அவளுக்குச் சொன்னோம். கத்தியை வைத்துவிட்டு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேலை தேடுறதோ, வழக்குப் பேசுறதோ அண்ணா?" என்றாள்.

எட்டுக் கிழமை நின்றாள். இப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு கோப்பிக் கடையில், முன்னுக்கு, கவுண்டரில் நிற்கிறாள். துணிக்கு மேலே அந்தக் கடையின் தொப்பி. காலையில் கோப்பி வாங்கப் போனால் வரிசையில் நிற்பவர்கள் பெரியதோ சின்னதோ, எத்தனை சீனி என்று சொல்கிறார்கள். அவளும் அதைத்தான் கேட்கிறாள்.